ஹெட்போன்களிற் தாழ்சுரம்: ஓர் ஒப்பாய்வு

விலையுயர்ந்த ஹெட்போன்களை ஒப்பிடுவோர் முதற்கண் வினவுவது, எதிலே தாழ்சுரம் மிகுதி என்பதேயாம். மிகுதி வேறு, செம்மை வேறு. இவ்வேற்றுமையை உணராதார் பொருளையும் இழப்பர். காலப்போக்கிற் செவிப்புலனையும் இழத்தல் கூடும். ஆதலின், கருவி தாழ்சுரத்தைத் தோற்றுவிக்குமாறும், அதனை நடுநிலை பிறழாது ஒப்பிடுமாறும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஏட்சு வரையுள்ள மீடிறன்களைக் கேட்கவல்லது. அவற்றுள் ஏறக்குறைய 250 ஏட்சுக்குக் கீழ்ப்பட்டவற்றைத் தாழ்சுரம் என்பர். பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 ஏட்சு ஆகும். 20 ஏட்சு ஒலியின் அலைநீளமோ வளியில் ஏறத்தாழ 17 மீற்றர். இத்துணை நெடிய அலையைச் சிறு கருவி தருவது எங்ஙனம்? அறையில் வைக்கும் ஒலிபெருக்கி பெருமளவு வளியை அசைத்தல் வேண்டும். ஹெட்போனோ, செவிக்கும் தனது மென்தகட்டுக்கும் இடையே அடைபட்ட சிறிதளவு வளியின் அமுக்கத்தை மாற்றினாற் போதும். அவ்வடைப்பிற் சிறு இடைவெளி உண்டாயினும் அமுக்கம் கசிந்து, தாழ்சுரமே முதலிற் குன்றும். மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைச் சற்றே உயர்த்தினும் இக்குறை நேரும்.

அமைப்பு வேறுபாட்டாலும் பயன் வேறுபடும். ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்டி 800, கம்பிச் சுருளால் இயங்குவது. அதன் தாழ்சுரம் அடக்கமானது. மிகத் தாழ்ந்த படிகளிற் சற்றுத் தளர்வது. ஆயினும் தெளிவுடையதெனக் கேட்போர் பலர் பாராட்டுவர். அமெரிக்காவின் ஒடிசி எல்சிடி-2 தளக் காந்த வகையினது. அதன் மெல்லிய படலத்தின் பரப்பெங்கும் மின்கடத்தி பரந்திருத்தலின், பரப்பு முழுவதும் ஒருங்கே அசையும். மெத்தை செவியைச் சுற்றி நன்கு பொருந்துமாயின், அதன் தாழ்சுரம் இறுதிப் படிவரை பெரிதும் குன்றாது நிற்கும்.

இனி, ஒப்பிடும் முறையைக் காண்போம். ஒலி உரத்தாற் தாழ்சுரம் செழித்தது போலத் தோன்றும். மெல்லிய ஒலியிற் தாழ்ந்த மீடிறன்களைச் செவி குறைவாகவே உணரும் என்பதை பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் 1933இல் அளந்து காட்டினர். ஆகவே, இரு கருவிகளையும் ஒரே உரப்பில் வைத்து, ஒரே இசைப்பகுதியை, மெத்தை பொருந்தியமை நோக்கிக் கேட்டல் வேண்டும். விலையை முன்னர் அறியாதிருத்தல் இன்னும் நன்று. 283 ஹெட்போன்களை அளந்து பிறீபார்ட் என்பார் 2017இல் வெளியிட்ட ஆய்வு, விலைக்கும் மீடிறன் ஒழுங்குக்கும் தொடர்பின்மையையே காட்டிற்று.

தாழ்சுரம் போதாதெனக் கருதி உரப்பை உயர்த்துவோர் உளர். அது கேடு தரும் வழக்கமாம். 80 தெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேற்படாது கேட்டலே முதிர்ந்தோர்க்குத் தக்கதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. உட்செவியின் மயிர்க்கலங்கள் மனிதரில் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளையா. எனவே, தாழ்சுரம் குன்றியவிடத்து உரப்பை நாடாது, முதலில் மெத்தையின் பொருத்தத்தையே நோக்குக. செலவின்றித் தீரும் குறைகளுட் பல அங்கேயே உள.