ஆனைக்கும் அடி சறுக்கும்... கடலில்!

சமையலறைக்குப் புதிதாக வந்த பெண் கொதிக்கிற பாத்திரத்தை இறக்க இடுக்கியைத் தேடுவாள். இருபது வருஷம் அடுப்போடு மாரடித்த நாம்தான் புடைவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்து ‘டக்’கென்று இறக்கி வைத்துவிடுகிறோம். அந்தத் தலைப்பு ஒருநாள் அடுப்பை எட்டிப் பார்க்கிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களின் விபத்துக் கதைகளைப் படிக்கப் படிக்க, எனக்கு இந்த இடுக்கியும் தலைப்பும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

“பாய்மரப் படகுக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. காலேஜில் படிக்கும் என் மகள் இரண்டு வருஷமாகச் சென்னைத் துறைமுகப் பக்கம் சின்னப் படகில் பாய் பிடிக்கக் கற்றுக்கொள்கிறாள். இப்போது ஒரு பெரிய படகில், ஏழெட்டுப் பேரில் ஒருத்தியாக, ராத்திரி முழுக்கக் கடலில் ஓட்டிப் புதுச்சேரி போய்ச் சேருகிற பயணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. இவரைக் கேட்டால், “உன் இஷ்டம்” என்று நழுவிவிட்டார். “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த வம்பு?” என்றார் என் மாமியார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பாய் விரித்த நேத்ரா குமணன் நம்ம சென்னைப் பெண்தான், 2025-ல் தோழி தில்னாவோடு உலகத்தையே படகில் சுற்றி வந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி புதுச்சேரிப் பெண்தான் என்று பேத்தி அடுக்கினாள். “அவங்களைப் பெத்தவ வயித்துல எவ்வளவு நெருப்போ!” என்றார் பாட்டி. எனக்கும் அதே நெருப்புதான்.

நேரே போய், அவளுக்குச் சொல்லித்தரும் மாஸ்டரைக் கேட்டேன். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். “அபாயம் ஒண்ணும் இல்லையே, சார்?” என்றேன். “இல்லைன்னா பொய் சொன்னவனாவேன், அம்மா. பெரிய பெரிய கைகாரங்க எங்கே கோட்டை விட்டாங்கன்னு படிங்க. அப்புறம் வந்து என்னைக் கேள்வி கேளுங்க” என்று ஒரு கட்டு விசாரணை அறிக்கைகளைக் கையில் கொடுத்துவிட்டார். புரியாத இடங்களில் மகள் பொருள் சொல்ல, மூன்று வாரம் படித்தேன்.

வேறெந்தத் துறையிலும் இப்படிப் பார்த்ததில்லை. விபத்து நடந்தால் யார் தலையை உருட்டலாம் என்று தேடாமல், எந்தக் கயிறு அறுந்தது, ஏன் அறுந்தது, அப்போது யார் எங்கே நின்றார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி, எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள்.

கட்டிக்கொள்ளாத கயிறு

பிரான்ஸ் நாட்டில் எரிக் தபார்லி என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். 1964-லும் 1976-லும் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்தில் ஜெயித்தவர். அந்த நாட்டில் ஒரு தலைமுறையே அவரைப் பார்த்துத்தான் படகேறியது. 1998 ஜூனில், தன் பிரியமான ‘பென் துயிக்’ படகில் ஸ்காட்லாந்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். படகுக்கு அந்த வருஷம் நூறு வயது! வேல்ஸ் கரைக்கு அப்பால், ராத்திரி நேரத்தில், பாயை மாற்றும்போது மேலேயிருந்த மரக்கழி ஆடி வந்து அடித்தது. கடலில் விழுந்தார். மிதவை உடை இல்லை. உடம்பைப் படகோடு பிணைக்கும் பட்டையும் கயிறும் இல்லை. அதெல்லாம் அவருக்குப் பிடிக்காது என்பது எல்லோரும் அறிந்ததுதான். கூட இருந்தவர்கள் இருட்டில் தேடித் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாகிவிட்ட பிறகு, ஒரு மீன்பிடிப் படகுக்குத்தான் அவர் உடல் அகப்பட்டது. வயது 66.

ஹெல்மெட்டை வண்டியின் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகிற நம்ம வீட்டு ஆண்பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். ‘நாற்பது வருஷமா ஓட்டறேன்’ என்பார்கள். தபார்லியும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர்தானே!

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 6 கடல் மைல் வேகம் என்பது நமக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிற வேகம்தான். அந்த வேகத்திலேயே ஒரு நிமிஷத்தில் படகு சுமார் 185 மீட்டர் தள்ளிப் போய்விடும். அலைகளுக்கு நடுவில் ஒரு மனிதத் தலை என்பது ஒரு தேங்காய் அளவு. அதனால்தான் ‘ஆள் விழுந்தாச்சு’ என்று குரல் கேட்டதும் ஒருவருக்கு வேறு வேலையே கிடையாது. விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நிற்பது மட்டும்தான். மற்றவர்கள் மிதக்கிற பொருளை எறிய வேண்டும், படகைத் திருப்ப வேண்டும்.

ராப் ஜேம்ஸ் என்பவரின் முடிவைப் படித்தபோது அறிக்கையை மூடி வைத்துவிட்டேன். அவர் மனைவி நவோமி, நியூசிலாந்தில் முடி திருத்தும் வேலை பார்த்த பெண். படகைத் தொட்டு இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், 1977-78-ல் 272 நாளில், தனியாகக் கேப் ஹார்ன் முனையைச் சுற்றி உலகை வலம் வந்த முதல் பெண் என்று பெயர் எடுத்தவள். கணவனும் மனைவியுமாக 1982-ல் பிரிட்டனைச் சுற்றும் பந்தயத்தில் ஜெயித்தார்கள். மறு மார்ச்சில், அதே படகில், இங்கிலாந்தின் தென்கரையில் ராப் கால் வைத்த வலையின் கட்டு அறுந்தது. தண்ணீரில் விழுந்தவரை மீட்பதற்குள் குளிர் முந்திக்கொண்டது. நவோமி அப்போது நிறைமாத கர்ப்பிணி. சில நாளில் பெண் குழந்தை பிறந்தது. அறுந்தது என்னவோ ஒரு முழக் கயிறு! கொடியில் துணி உலர்த்துகிற கயிறு நைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறோமே.

சரி, கயிறைக் கட்டிக்கொண்டால் போதுமா? அதுவும் இல்லை. 2017 நவம்பரில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் பந்தயப் படகு ஒன்றில் முன்பாயை மாற்றிக்கொண்டிருந்தவர் முறைப்படி கொக்கி மாட்டியிருந்தார். அலை அவரைப் படகுக்கு வெளியே தள்ளியது. கொக்கி, தளத்தில் கயிறு கட்டும் இரும்புக் கட்டையின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. நேராக இழுத்தால் எத்தனையோ பாரம் தாங்குகிற கொக்கி, பக்கவாட்டில் நெளிந்து விட்டுவிட்டது. அவர் பிழைக்கவில்லை. கொக்கியை எங்கே மாட்டுகிறோம், அது புரண்டு வேறெதிலும் சிக்குமா என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த விசாரணைதான் எல்லோருக்கும் உறைக்க வைத்தது.

படகை விட்டு இறங்காதே

இனி 1979 ஆகஸ்ட். இங்கிலாந்தின் கௌஸ் துறையிலிருந்து, அயர்லாந்துக்குத் தெற்கே கடலில் நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி, பிளிமத் வரை சுமார் 605 கடல் மைல் பந்தயம். 303 படகுகள் கிளம்பின. 13-ஆம் தேதி ராத்திரி பிடித்த புயல் விடியும் வரை ஆட்டி வைத்தது. பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

இதிலே என்னை உலுக்கியது எது தெரியுமா? கைவிட்ட அந்த 24-ல் மூழ்கியவை வெறும் ஐந்துதான்! மற்றவை புயல் ஓய்ந்த பிறகும் ஆடிக்கொண்டு மிதந்தன. இறந்தவர்களில் ஏழு பேர், காற்றடைத்த ரப்பர் மிதவையில் ஏறப் போயோ ஏறிய பிறகோ உயிர் விட்டவர்கள். அவர்கள் விட்டுப் போன படகுகள் பிற்பாடு பத்திரமாகக் கரைக்கு இழுத்து வரப்பட்டன. கிரிமால்கின் என்ற படகில் இருவர் அசைவற்றுக் கிடக்க, செத்துவிட்டார்கள் என்று நினைத்து மூன்று பேர் மிதவையில் போய்விட்டார்கள். கிடந்த இருவருக்கும் உயிர் இருந்தது. ஒருவர் சில மணி நேரத்தில் போய்விட்டார். மற்றவரை ஹெலிகாப்டர் வந்து தூக்கியது.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படகு தலைகீழாகப் புரள்கிறது, உள்ளே இடுப்பளவு தண்ணீர், கும்மிருட்டு. ‘வெளியே போனால் போதும்’ என்றுதானே யாருக்கும் தோன்றும்? அதற்காகத்தான் முன்கூட்டியே மனசில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மிதவைக்கு மேல்நோக்கித்தான் ஏற வேண்டும். அதாவது, படகு காலடியில் அமிழ்ந்துகொண்டிருந்தால் ஒழிய அதை விடக்கூடாது. என் மகளுக்கு முதல் வாரமே, சின்னப் படகை வேண்டுமென்றே கவிழ்த்து இதைத்தான் சொல்லித்தந்தார்களாம். “கவிழ்ந்தா கரைக்கு நீந்தக் கூடாதும்மா. படகைப் பிடிச்சுக்கணும். நடுப்பலகை மேலே ஏறி நின்னா தானா நிமிரும்.”

இறங்க வேண்டிய நேரத்தில் சரியாக இறங்கியவரும் உண்டு. ஃபின்லாந்துக்காரர் தாபியோ லெஹ்தினென், 2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே தனியாக வந்துகொண்டிருந்தார். தூங்கும்போது ஒரு பெரிய சத்தம். எழுந்தால், பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பீறிக்கொண்டு வருகிறது! குளிர் தாங்கும் உடையை மாட்டிக்கொண்டு மிதவையில் ஏறிவிட்டார். படகு கண்ணெதிரே மூழ்கியது. எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தால் அவ்வளவுதான். அதே பந்தயத்தில் போட்டியிட்ட கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் என்ற தென்னாப்பிரிக்கப் பெண், படகைத் திருப்பி ராத்திரி முழுக்க ஓட்டி வந்து மறுநாள் அவரைத் தூக்கி, ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தன் வழியே போனாள். 2023 ஏப்ரலில் அந்தப் பந்தயத்தை ஜெயித்ததும் அவள்தான். இதைக் கேட்ட மாமியார் முதல் தடவையாக, “பேஷ்!” என்றார்.

வரைபடத்தில் இருந்த பாறை

2014 நவம்பர் 29-ஆம் தேதி, மொரீஷியஸுக்கு வடகிழக்கே வெஸ்டாஸ் விண்ட் என்ற பந்தயப் படகு, ஒன்பது பேரோடு இரவில் பவளத்திட்டின் மேல் மோதி ஏறியது. நல்ல வேளை, ஒன்பது பேரும் பிழைத்தார்கள். அந்தத் திட்டு யாரும் அறியாத இடமா? இல்லவே இல்லை. படகிலிருந்த கம்ப்யூட்டர் வரைபடத்திலேயே இருந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் நீலம். வழி பார்த்தவர் உலகம் சுற்றிய அனுபவசாலி. தன் தவறை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கண்ணாடி போடாமல் அரிசியில் கல் பொறுக்கின கதைதான்!

உடம்பும் கடலும்

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவர் முதல் ஒரு நிமிஷம் தன்னை அறியாமல் மூச்சை இழுப்பார். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. பத்து நிமிஷத்துக்குள் விரல்கள் மரத்துப்போகும். கயிறைக் கொடுத்தாலும் பிடிக்க முடியாது. மிதவை உடை உயிரைக் காப்பது இந்த நேரத்தில்தான். அந்த உடையின் தொடைப் பட்டையை மாட்டாவிட்டால், தண்ணீரில் உடை மேலே ஏறி முகத்தை மூடும். மீட்டவரைக் கூடுமானவரை படுக்கை வாட்டில் தூக்க வேண்டும். செங்குத்தாகத் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடலாம். கை காலைத் தேய்க்கக் கூடாது, பிராந்தி கொடுக்கக் கூடாது. ஈரத்தைக் களைந்து போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கத் தரலாம்.

நம்ம வங்காள விரிகுடா அவ்வளவு குளிராது. இங்கே வெயிலும் தாகமும்தான் வில்லன். தண்ணீர் குடிக்காமல் காய்ந்தவனுக்கும், வாந்தியெடுத்துத் துவண்டவனுக்கும் புத்தி மந்தப்படும். கடல் நோய்க்கு மாத்திரை என்றால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் வருமா என்று ஒருநாள் வீட்டிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. வாந்தி வரும்போது ஓரத்துக்கு ஓடுகிறவர்கள்தான் தவறி விழுகிறார்கள். அதற்குப் பிளாஸ்டிக் வாளியே தேவலை.

மறுபடி மாஸ்டரிடம் போனேன், ஒரு தாள் நிறையக் கேள்வியோடு. ராத்திரியில் மேல்தளத்துக்கு வருகிற எல்லோருக்கும் கொக்கி கட்டாயமா, உங்களுக்கும் சேர்த்தா? விழுந்த ஆளைத் தூக்கி ஏற்ற என்ன ஏற்பாடு, அதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? காற்று ஏறினால் பாயைச் சுருக்குவது எப்போது? “சுருக்கலாமான்னு முதல் தடவை தோணும்போதே” என்றார் கடைசிக் கேள்விக்கு. வானிலை மையம் மீனவர்களை எச்சரித்தால்? “போக மாட்டோம்.” எல்லாரும் லீவு போட்டாச்சு, புதுச்சேரியிலே ரூம் போட்டாச்சு என்றால்? கொஞ்சம் யோசித்தார். “அதுதான் அம்மா பாதி விபத்துக்குக் காரணம். ரூம் காசு போகட்டும்” என்றார்.

தூக்கி ஏற்றும் ஏற்பாட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குள்ளேயே செய்து காட்டச் சொன்னேன். மகள் தண்ணீரில் குதித்தாள். முதல் தடவை பதினொரு நிமிஷம் ஆனது. நாலாவது தடவை ஐந்து. இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.