இருமுறை சூரியோதயம் கண்ட விமானப் பயணம்

இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. அதனைக் கடக்கும் நேரமோ காலத்துக்குக் காலம் மாறிவருகின்றது. இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சிறந்த சான்று ஒன்று உண்டு.

அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகருக்கும், காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே நேர்வழித் தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் இக்கால ஜெற் விமானத்துக்கு இது ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம். 1943ஆம் ஆண்டிலோ ஒரு பகலும் ஓர் இரவும் இதற்குப் போதவில்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த ஆகாய மார்க்கம் அறுந்தது. இந்து சமுத்திரத்தை எங்கும் தரிக்காது தாண்டுவதே எஞ்சிய வழி. 1943 யூலையில் குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினா என்னும் கடல் விமானங்களைக் கொண்டு அச்சேவையை ஆரம்பித்தது.

கற்றலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றர். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: காற்றில்லாத வேளையில் பயண நேரம் 28 மணிக்குச் சற்று மேல். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அது 33 மணியாக நீளும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 25 மணிக்கும் குறையும். மெதுவாகச் செல்லும் விமானத்தைக் காற்று எவ்வளவு பாதிக்கின்றது என்பது இதனால் விளங்கும். இம்மார்க்கத்தில் மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் எடுத்தது.

இத்தனை நேரம் பறக்க ஏறக்குறைய 9,000 லீற்றர் எரிபொருள் வேண்டியிருந்தது. அதனால் பிரயாணிகளுக்குக் கிடைத்த இடம் மூன்றே மூன்று. தபாற் பொதிகளுக்கும் சுமார் 69 கிலோகிராமே அனுமதி. புறப்பட்ட முதற் சில மணி நேரங்களில் இரு இயந்திரங்களுள் ஒன்று நின்றாலும், பாரமிகுந்த விமானம் உயரத்தைக் காக்க இயலாது. பகைவர் அறியாதிருக்க வானொலியும் மௌனம் காத்தது.

வழிகாட்டியவை நட்சத்திரங்களே. ஐந்து விமானங்களும் அவற்றின் பெயர்களையே தாங்கின. அவற்றுள் ஸ்பைக்கா நமது சித்திரை. அன்ராரஸ் நமது கேட்டை. அல்ரெயர் நமது திருவோணம். பஞ்சாங்கத்தில் நாம் காணும் அதே விண்மீன்கள் நடுக்கடலில் மாலுமிக்குத் திசை காட்டின.

வானிலிருந்தவாறே இருமுறை சூரியோதயத்தைக் கண்ட பிரயாணிகளுக்கு, ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் நற்சாட்சிப் பத்திரம் ஒன்று வழங்கப்பட்டது. 1945 யூலை வரை 271 தடவை இக்கடல் தாண்டப்பட்டது. ஓர் உயிரும் பலியாகவில்லை. யுத்தம் முடிந்தபின் அவ்விமானங்கள் அவுஸ்திரேலியக் கரைக்கப்பால் மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் அதே குவாண்டாஸ் நிறுவனம் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. தூரம் சுமார் 14,500 கிலோமீற்றர். நேரம் ஏறக்குறைய 17 மணி. கொக்கலைக்கு வருவதற்கே அன்று எடுத்த நேரத்தில் இன்று இலண்டனையும் அடைந்து, ஓய்வும் கொள்ளலாம். இவ்வசதிக்கு முன்னோடியாக நின்றது, இருளில் விண்மீனை நம்பிப் பறந்த சிலரின் மனத்துணிவே என்பதை நாம் மறத்தலாகாது.