சீரியல் இருட்டாகத் தெரிகிறதா? பிரைட்னஸைத் தொடாதீர்கள்!

'டார்க் ஷேடோஸ்' டிவிடியை முதன்முதலில் கம்ப்யூட்டரில் போட்டபோது, மானிட்டரில்தான் கோளாறு என்று நினைத்து பிரைட்னஸை ஏற்றிவிட்டேன். பயமே போய்விட்டது!

1966 முதல் 1971 வரை அமெரிக்காவின் ஏபிசி சேனலில் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகலில் வந்த சீரியல் இது. மொத்தம் 1,225 எபிசோடுகள். பழைய மாளிகை, ரத்தம் குடிக்கும் பார்னபஸ் என்று கதை போகும். மாளிகையின் வெளித்தோற்றம் நிஜக் கட்டடம். உள்ளே நாம் பார்ப்பதெல்லாம் நியூயார்க் ஸ்டூடியோவில் சை டோமஷாஃப் அமைத்த செட். மெழுகுவர்த்தி இருக்கும் பக்கம் மட்டும் வெளிச்சம். மற்ற இடமெல்லாம் நிழல். செட் எங்கே முடிகிறது என்று தெரியாததால் அறை பிரம்மாண்டமாகத் தோன்றும். பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகி, செட் செட்டாகவே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் வீடியோ டேப்பை எடிட் செய்வது செலவு பிடித்த வேலை. அதனால் மைக் நிழல் விழுந்தாலும், நடிகர் வசனத்தை மறந்தாலும் அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள்.

விஎல்சி பிளேயரில் 'வீடியோ எஃபெக்ட்ஸ்' பகுதிக்குப் போய் 'இமேஜ் அட்ஜஸ்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அறையின் டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

இசை ராபர்ட் கோபர்ட். எபிசோடுக்கு எபிசோடு புதிதாகப் போடாமல், பதிவு செய்த இசைத் துண்டுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். சிக்கனம்தான்! ஆனால் சில நாளில் இசையைக் கேட்டதுமே ஆபத்து வருகிறது என்று காது பழகிவிடும். சந்தேகமிருந்தால், பார்னபஸ் வரும் காட்சியில் 'எம்' கீயை அழுத்தி ஒலியை நிறுத்திப் பாருங்கள். வெறும் கோட்டுப் போட்ட மனிதர் நடந்து வருவார். மறுபடியும் 'எம்' அழுத்துங்கள்.