சிற்றூர்க் குடிநீரும் சிறிய ரிலேயும்

தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நிற்கிறது. தொட்டியில் நீர் குறைந்தால் தானே ஓடத் தொடங்குகிறது. வயலிலுள்ள பம்புசெட்டை வீட்டுத் திண்ணையிலிருந்தே கைப்பேசி வாயிலாக இயக்கும் விவசாயிகளும் இன்று பலர். இவ்வசதிகளை நமக்கு அளிக்கும் பெட்டியைத் திறந்து நோக்கினால், உள்ளே பச்சை நிறப் பலகையொன்றில், கட்டைவிரல் நகத்தளவே உள்ள சிறு பெட்டிகள் ஒன்றோ இரண்டோ பொருத்தப்பட்டிருக்கக் காணலாம். அவையே ரிலே எனப்படுவன. ஒரு ரிலேயின் விலை, ஒருவர் ஓட்டலில் ஒரு வேளை உண்பதற்கு ஆகும் செலவினும் பெரும்பாலும் மிகாது. ஆயினும் அது பழுதுற்றால் ஊரே குடிநீரின்றித் தவிக்க நேரும் என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒன்றியத்தில், சித்திரை மாத வெயிலில் ஓர் ஊராட்சியின் தானியங்கிப் பெட்டி வேலை செய்யாமற் போயிற்று. பழுது பார்க்க வந்தவர், கருகிப்போன ரிலேயை அகற்றிவிட்டு, '12 வோல்ட்' என்று மேலே அச்சிட்டிருந்த வேறொரு சிறிய ரிலேயைக் கம்பி வைத்துப் பற்றவைத்துச் சென்றார். பழையதும் 12 வோல்ட், புதியதும் 12 வோல்ட். ஆகவே யாருக்கும் ஐயம் எழவில்லை. மோட்டாரும் ஓடிற்று. செலவுச் சீட்டில் கையொப்பமிட்டவன் நானே.

மூன்றாவது வாரத்தில் ஓரிரவு, தொட்டி நிரம்பிய பின்னும் மோட்டார் நிற்கவில்லை. தண்ணீர் வழிந்தோடியது. விடியுமுன் ஆழ்குழாய்க் கிணற்றின் நீர்மட்டம் பம்புக்குக் கீழே இறங்கிவிட்டது. நீர்மூழ்கி மோட்டாருக்கு அதனைச் சூழ்ந்தோடும் நீரே குளிர்ச்சி தருவது. அந்நீர் இல்லாமற் போகவே மோட்டார் கருகிற்று. கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடும் அப்பெட்டியில் இருந்தது. ஆனால் அவ்வேற்பாடும் அதே ரிலேயின் வழியாகவே மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். ரிலேயின் முனைகளோ உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. மோட்டாரை மேலே எடுத்து, காயில் கட்டி, மீண்டும் இறக்க ஐந்து நாட்களாயின. அந்த ஐந்து நாட்களும் அவ்வூர்ப் பெண்கள் குடங்களுடன் பக்கத்து ஊருக்கு நடந்தனர்.

இத்தவறு எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிய, ரிலேயின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். அதனுள் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றப்பட்ட சுருள் ஒன்று இரும்புத் தண்டின்மேல் அமைந்துள்ளது. சுருளில் மின்சாரம் பாய்ந்தவுடன் இரும்பு காந்தமாகி, அருகிலுள்ள சிறு தகட்டை இழுக்கிறது. தகடு அசைந்து, பிரிந்திருந்த இரு முனைகளைச் சேர்க்கிறது. சுருளில் மின்சாரம் நின்றால் வில் தகட்டைப் பின்னுக்கு இழுக்க, முனைகள் பிரிகின்றன. மடையைத் திறப்பவன் ஒருவனே. அவன் வலிமையால் நீர் பாய்வதில்லை, ஏரியிலுள்ள நீரே பாய்கிறது. அதுபோல, சுருளில் செல்லும் மிகச் சிறிய மின்சாரம் முனைகளின் வழியே வேறொரு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. சுருளும் முனைகளும் ஒன்றோடொன்று மின்தொடர்பு அற்றவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டில் இம்முறையைக் கையாண்டார். தொலைதூரம் சென்று தளர்ந்த தந்திக் குறியீட்டை இடைவழியில் புதிய மின்கலத்தின் துணையால் வலுவேற்றி அனுப்ப இது பயன்பட்டது. நெடும்பயணத்தில் களைத்த குதிரைகளைச் சாவடியில் விடுத்துப் புதிய குதிரைகளைப் பூட்டுவதற்கு வழங்கிய பெயரே இக்கருவிக்கும் ஆயிற்று. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ரிலேயோ நம் பம்புசெட்டுக்குக் குடிவந்துவிட்டது.

ஒவ்வொரு ரிலேக்கும் இரு அளவுகள் உண்டு. முதலாவது, சுருளுக்குத் தர வேண்டிய மின்னழுத்தம். 5, 12, 24 வோல்ட் என்பன பெருவழக்கு. இரண்டாவது, முனைகள் தாங்கக்கூடிய சுமை. பழுது பார்த்தவர் முதலாவதை மட்டும் நோக்கினார், இரண்டாவதை நோக்கவில்லை. அவர் பொருத்தியது சிக்னல் ரிலே என்னும் வகை. குறிப்பறிவிக்கும் சிறு மின்சாரத்தைக் கடத்துவதற்கென்றே அது செய்யப்படுகிறது. இவ்வகையில் பலவற்றின் முனைகள் தாங்குவது, 30 வோல்ட் டி.சி.யில் 1 அல்லது 2 ஆம்பியர். 125 வோல்ட் ஏ.சி.யில் அரை ஆம்பியர் அளவே. அவ்வூர்ப் பெட்டியில் அது ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் காயிலை, அதாவது இரு முனைகளுக்கிடையேயுள்ள 415 வோல்ட் மின்சாரத்தை, நேரடியாக இணைத்துப் பிரிக்க வேண்டியிருந்தது.

'காண்டாக்டர் காயில் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவுதானே' என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால் காயில் என்பது விளக்கைப் போன்ற சுமையன்று. காண்டாக்டர் இழுபடும் கணத்தில் அது, பின்னர் எடுப்பதைப்போலப் பன்மடங்கு மின்சாரம் எடுக்கிறது. துண்டிக்கும் கணத்திலோ தன்னுள் தேங்கிய ஆற்றலை உயர் மின்னழுத்தமாக வெளிப்படுத்துகிறது. பிரியும் முனைகளிடையே தீப்பொறி தோன்றி, முனைகளை உருக்குகிறது. உருகிய உலோகம் அடுத்த முறை சேரும்போது ஒட்டிக்கொள்கிறது. ஆதலால் சிக்னல் ரிலே, தன்னினும் பெரியதொரு பவர் ரிலேயை இயக்க, அது காண்டாக்டரை இயக்க, காண்டாக்டர் மோட்டாரை இயக்குதலே முறை. 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்பியரும், புறப்படும்போது அதைப்போல ஆறு மடங்கும் எடுக்கும். கிராம உதவியாளர் செய்ய வேண்டிய பணியும் வட்டாட்சியர் செய்ய வேண்டிய பணியும் வேறு வேறு என்பதை நம்மவர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

பவர் ரிலே பெரும்பாலும் '10 ஆம்பியர், 250 வோல்ட் ஏ.சி.' என்று குறிக்கப்பட்டிருக்கும். 415 வோல்ட் காயிலுக்கு அதுவும் ஏற்றதன்று. 240 வோல்ட் காயில் உள்ள காண்டாக்டரையோ, பெட்டியுள் ஒரு சிறு மின்மாற்றியையோ கேட்டுப் பெறலாம். காயிலின் குறுக்கே ஆர்.சி. ஸ்னப்பர் என்னும் சிறு உறுப்பை இணைத்தால் தீப்பொறி பெரிதும் அடங்கும். சூரிய ஒளி பம்பு வைத்திருப்போர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ.சி. மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. டி.சி.யில் அவ்வாய்ப்பு இல்லை. 250 வோல்ட் ஏ.சி. தாங்கும் ரிலே, டி.சி.யில் 30 வோல்ட் மட்டுமே தாங்குமென அதன் மேலேயே எழுதியிருப்பது இதனாலேயே.

ரிலேயின் சுருளும் இத்தகைய உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும்போது எழுப்பும். அது அருகிலுள்ள டிரான்சிஸ்டரைக் கெடுக்காதிருக்கச் சுருளின் குறுக்கே ஒரு டயோடு வைப்பர். பழுது பார்ப்பவர் டயோடைத் திசை மாற்றி வைத்தால் ரிலே இழுக்காது, டிரான்சிஸ்டரும் எரியும். சில சிக்னல் ரிலேக்களின் சுருளுக்கே நேர் எதிர் திசை உண்டு. குறித்தபடி இணைத்தாலன்றி அவை இயங்கா.

காலையில் ஒழுங்காக ஓடிய மோட்டார் நண்பகலில் ஓட மறுக்கிறதென்று விவசாயிகள் பலர் குறை கூறுவதுண்டு. பம்பின்மீதும் மின்வாரியத்தின்மீதும் பழி சுமத்துமுன் பெட்டி எங்கே இருக்கிறதென்று பாருங்கள். 12 வோல்ட் ரிலே, 20 பாகை வெப்பத்தில் 9 வோல்ட் கிடைத்தாலே இழுக்கும் எனக் கொள்வோம். செப்புக் கம்பியின் மின்தடை பாகைக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு உயர்கிறது. வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியுள் 70 பாகை ஏறினால் தடை 20 விழுக்காடு கூடும். அப்போது இழுக்க 10.8 வோல்ட் தேவை. மின்னழுத்தம் 230-லிருந்து 185-க்குத் தாழ்ந்தால், சாதாரண மின்மாற்றியிலிருந்து வரும் 12 வோல்ட்டும் 9.6 வோல்ட்டாகத் தாழும். காலைக் குளிர்ச்சியில் இது போதும், நண்பகலில் போதாது. பெட்டியைச் சுவரின் வடபுறத்தில் நிழலில் வைத்தலும், வெள்ளை வண்ணம் பூசுதலும் சிறு செலவில் ஆகக்கூடியவை.

இனித் தொட்டியைப் பார்ப்போம். நீர்மட்டம் அறியும் கம்பி ஒன்றே இருக்குமாயின், நீரலை அதனைத் தொடுந்தோறும் விலகுந்தோறும் ரிலே இணைந்து இணைந்து பிரியும். சுமையின்றி இயங்கினால் பல கோடி முறை இயங்கவல்லது ரிலே. முழுச் சுமையுடன் இயங்கினால் அதன் ஆயுள் ஒரு லட்சம் முறை என்ற அளவிற்கு இறங்கிவிடும். விநாடிக்கு ஒரு முறை துடித்தால் ஒரு லட்சம் முறை ஆவதற்கு 28 மணி நேரம் கூட ஆகாது. மோட்டாரும் அதனோடு துடிக்கும். ஆகையால் ஓட வேண்டிய மட்டத்திற்கு ஒரு கம்பியும், நிற்க வேண்டிய மட்டத்திற்கு வேறொரு கம்பியும், இடைவெளி விட்டு அமைத்தல் இன்றியமையாதது.

ரிலேயைக் கையாளும்போது அதனைக் கீழே போடலாகாது. அதனுள் முனைகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரினும் குறைவு. சிமெண்டுத் தரையில் ஒரு முறை விழுந்தாலே உள்ளுறுப்புகள் நிலைமாறக்கூடும். வெளியே சிராய்ப்புகூடத் தெரியாது. விழுந்ததைப் பொருத்தாமல் ஒதுக்கிவிடுவதே நன்று. சுருளில் மின்சாரம் நின்ற பின்னும் தன் நிலையிலேயே தங்கும் லாட்ச்சிங் வகை ரிலேக்கள் வண்டிக் குலுக்கலிலேயே நிலை மாறிவிடக்கூடும்; பொருத்தியவுடன் ஒரு முறை தொடக்கநிலைக்குக் கொணர வேண்டும். பெரிய காண்டாக்டரின் முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர்கள், சிக்னல் ரிலேயின் உறையைத் திறந்தும் அவ்வாறே செய்யப் புகுவதுண்டு. அம்முனைகளின்மேல் மெல்லிய தங்கப்பூச்சு உள்ளது. நுண்ணிய மின்சாரம் தடையின்றிச் செல்ல அதுவே துணை. தேய்த்தால் பூச்சு போய்விடும். பெருஞ்சுமையில் ஒரு முறை பயன்படுத்திய ரிலேயை மீண்டும் நுண் மின்சாரத்திற்கு வைக்கக்கூடாதென்பதும் இதனாலேயே.

எறும்பு புகாதிருக்கப் பெட்டியின் துளைகளைச் சிலிக்கோன் பசையால் அடைப்பவர்கள் உளர். நல்ல எண்ணந்தான், ஆனால் அப்பசையின் ஆவி ரிலேயினுள் நுழைந்து, தீப்பொறியின் வெப்பத்தால் மணல் போன்ற பொருளாக மாறி முனைகளில் படிகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி நுழையும் துளைக்குக் கேபிள் கிளாண்ட் பொருத்தி, கதவுக்குச் சிலிக்கோன் அல்லாத ரப்பர்ப் பட்டை வைத்தால் எறும்பும் புகாது, பல்லியும் புகாது. பூச்சிமருந்தைப் பெட்டிக்குள் தெளிப்பதும் தகாது.

பெட்டியைத் திறக்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்துதல் கட்டாயம். ரிலே விடுபட்டிருப்பினும் முனைகளில் 415 வோல்ட் உயிரோடு நிற்கும். தகுதி பெற்ற மின்பணியாளரையே அழைக்க வேண்டும். விலைப்புள்ளி கோரும் ஊராட்சிகள், 'தானியங்கிப் பெட்டி ஒன்று' என்று எழுதுவதோடு நில்லாமல், ரிலே முனைகள் காண்டாக்டர் காயிற்சுமையை ஏ.சி.யில் தாங்குமாறு இருத்தல் வேண்டும் என்றும், ரிலேக்கள் சாக்கெட்டில் செருகும் வகையாதல் வேண்டும் என்றும் சேர்த்து எழுதலாம். சாக்கெட் இருந்தால் பற்றவைக்கும் வேலையில்லை; தவறான ரிலே எளிதில் பொருந்தவும் செய்யாது. அதே வகையில் இரண்டு ரிலேக்களை அவற்றின் உறையோடு ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருந்து, பெட்டிக் கதவின் உட்புறம் ரிலேயின் முழு எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி ஒட்டலாம்.

நான் குறிப்பிட்ட ஊரில் இப்போது சிக்னல் ரிலேக்கும் காண்டாக்டருக்கும் இடையே ஒரு பவர் ரிலே வைக்கப்பட்டுள்ளது. தொட்டி இயக்குபவர் வாரம் ஒரு முறை, மேல்மட்டக் கம்பியைக் கையால் நீரில் அமிழ்த்தி மோட்டார் நிற்கிறதா என்று சோதித்துப் பதிவேட்டில் குறிக்கிறார்.