வீடு வருகிறது, வழி விடுங்கள்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொன்ன நம் பெரியவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். "வீட்டைத் தூக்கிப் பார்" என்று சொல்லவில்லை. ஆனால் அதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்!

இந்தோனேஷியாவில் சுலவேசி என்று ஒரு பெரிய தீவு. பழைய பூகோளப் புத்தகங்களில் செலிபிஸ் என்று படித்திருப்பீர்கள். அதன் தென்பகுதியில் வாழும் பூகிஸ் மக்கள் பேர் போன கடலோடிகள். மரக்கலத்தில் கடலைக் கடக்கிறவர்கள், கரையில் வீட்டையும் மரத்தாலேயே கட்டினார்கள்.

உயரமான தூண்களின் மேல் நிற்கும் அந்த வீட்டுக்குள் படியேறித்தான் போகவேண்டும். மேலே பரணில் நெல், நடுவில் மனிதர்கள், கீழே தூண்களுக்கிடையில் கோழியும் உழவுச் சாமான்களும். உலகமும் இப்படி மூன்று அடுக்குத்தானாம். அவர்களுடைய 'லா கலிகோ' காவியத்தில் கீழுலகத்துக்குப் பெயர் 'பெரெத்திவி'. நம் காதில் பழகிய 'பிருதிவி'யேதான்!

முதலில் நிறுத்தும் தூணுக்குப் 'போசி போலா' என்று பெயர். வீட்டின் தொப்புள் என்று அர்த்தம். நல்ல நாள் பார்த்துச் சொல்லவும் சடங்கு நடத்தவும் வீட்டுக் கலை தெரிந்த பெரியவர் ஒருவர் வருவார்.

கட்டுமானத்தில் ஆணிக்கு வேலை இல்லை. தூணில் துளையிட்டு, அதில் உத்தரத்தை நுழைத்து, ஆப்பு வைத்து இறுக்கிவிடுவார்கள். தூண்களைப் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்துவதும் உண்டு. நிலத்தை விற்றுவிட்டாலும் வீடு மட்டும் உடையவரோடு புறப்படுவது இதனால்தான்.

புறப்படுவது எப்படி? சாமான்களை இறக்கிவிட்டு, தூண்களோடு மூங்கில்களைக் கட்டுவார்கள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்கள் திரண்டு வருவார்கள். ஒருவர் குரல் கொடுக்க, அத்தனை தோள்களும் ஒன்றாய் எழும்ப, கூரையும் சுவருமாக வீடு தெருவில் நடக்கும்! கூலி கிடையாது. பெண்கள் சமைத்துவைத்த விருந்துதான் உண்டு. வாழைப்பழத்தை மசித்து, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து, இலையில் வேகவைத்த 'பாரொங்கோ'வும் அதில் இருக்கும்.

இன்று அங்கேயும் செங்கல்லும் சிமெண்டும் வந்துவிட்டன. நல்ல மரம் கிடைப்பதும் அருமையாகிவிட்டது. கல் வீடு உறுதியானதுதான். யார் வந்தாலும் அசையாது. ஆனால் அதற்காக அண்டை வீட்டாரை அழைக்கவேண்டிய அவசியமும் இல்லை.

மர வீட்டுக்காரரோ ஊரைப் பகைத்துக்கொள்ள முடியாது. என்றைக்காவது ஒரு நாள், அவர் வீட்டைத் தூக்க அத்தனை தோள்களும் வேண்டுமே!