ஒரு குவளைத் தண்ணீரும் இரண்டு பென்ஹரும்

முதலில் கணக்கு. பி.காம். படித்தவனைச் சினிமா பற்றி எழுதச் சொன்னால் வேறென்ன வரும்?

1959-ல் எம்.ஜி.எம். கம்பெனி 'பென்ஹர்' படத்துக்குப் போட்ட முதல் சுமார் ஒன்றரைக் கோடி டாலர். அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை. கம்பெனியோ அப்போது தள்ளாட்டத்தில் இருந்தது. படம் படுத்தால் கம்பெனியும் படுத்துவிடும் என்கிற நிலைமை. படம் படுக்கவில்லை. போட்டதைப் போல் பல மடங்கு அள்ளிக்கொண்டு வந்ததோடு, 11 ஆஸ்கார்களையும் தூக்கிக்கொண்டு போனது. அந்த 11-ஐ 'டைட்டானிக்'கும் (1997), 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகமும் (2003) எட்டிப் பிடித்தன. தாண்ட ஆள் இல்லை.

2016-ல் அதே கதையை மறுபடி எடுத்தார்கள். முதல் சுமார் 10 கோடி டாலர். உலகம் பூராவும் சேர்த்து வசூல் சுமார் 9 கோடியே 40 லட்சம். தியேட்டர்காரர் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் கழித்தால் மிஞ்சுவது என்ன என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மனசு வரவில்லை.

ஏன் இப்படி ஆச்சு? "பழசு பழசுதான் சார், ஓல்டு இஸ் கோல்டு" என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்த வாதம் இங்கே செல்லுபடியாகாது. ஏனென்றால் 1959 படமே ஒரு ரீமேக்தான்!

லூ வாலஸ் என்று ஓர் அமெரிக்க ராணுவத் தளபதி. 1880-ல் 'பென்ஹர்' நாவலை எழுதி வெளியிட்டார். அது நாடகமாகி, மேடையில் நிஜக் குதிரைகளை உருளும் பலகை மேல் ஓடவிட்டுக் கைதட்டல் வாங்கியது. 1907-ல் கால் மணி நேரக் குட்டிப் படமாக வந்தது, அனுமதி வாங்காமல் எடுத்ததால் கேஸாகிச் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1925-ல் பிரம்மாண்ட ஊமைப் படம். அதன் ரதப் பந்தயக் காட்சியில் உதவி டைரக்டர்கள் கூட்டத்தில் ஒருவராக ஓடியாடிய இளைஞரின் பெயர் வில்லியம் வைலர். அவரேதான் 1959 படத்தின் டைரக்டர்! ஆக, ரீமேக் என்றாலே மட்டம் என்று சொல்ல முடியாது.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. 1948-ல் 'ஞானசௌந்தரி' கதையை இரண்டு பேர் போட்டி போட்டு எடுத்தார்கள். கை வெட்டப்பட்ட பெண்ணுக்கு மாதாவின் அருளால் கைகள் திரும்பக் கிடைக்கிற கதை. ஒன்று சிடாடல் படம். இன்னொன்று ஜெமினி எஸ்.எஸ்.வாசனின் படம். அதே வருஷம் 'சந்திரலேகா' கொடுத்துத் தேசத்தையே வாய் பிளக்க வைத்த வாசன்! ஜெயித்தது சிடாடல். வாசன் தன் படத்தைத் தியேட்டர்களிலிருந்து வாபஸ் வாங்கிக்கொண்டார். பக்திக் கதைக்குப் பணபலம் மட்டும் போதாது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

வேறென்ன வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ள இரண்டு பென்ஹரையும் அடுத்தடுத்த இரண்டு ராத்திரிகளில் பார்த்தேன். பழசு 212 நிமிஷம், புதுசு 123 நிமிஷம். இடம்: வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜ் ரூம். சந்தர்ப்பம்: மாதா கோயில் திருவிழா. உபகரணம்: என்னுடைய லேப்டாப். உடன் பார்த்தவர்: என் மாமா.

மாமாவைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். திருவாரூர்ப் பக்கம் விவசாயி. நெற்றியில் விபூதி பளிச்சென்று இருக்கும், ஆனால் வருஷா வருஷம் ஆகஸ்ட் 29-ந் தேதி கொடியேறியதும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிடுவார். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றாமல் செப்டம்பர் 8 தாண்டாது. டெல்டாவில் இது அதிசயமே இல்லை. பழைய பென்ஹரைச் சின்ன வயசில் தஞ்சாவூர்த் தியேட்டரில் பார்த்தவர்.

"அதுல தேர் ஓடும் பாரு மாப்ளே, நம்ம திருவாரூர்த் தேரெல்லாம் பிச்சை வாங்கணும்!"

"மாமா, திருவாரூர்த் தேர் அந்த வேகத்துல ஓடினா ஊரே காலி."

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜெருசலேமில் யூதா பென்ஹர் என்கிற பணக்கார யூதன். அவனுடைய பால்ய சிநேகிதன் மெஸ்ஸாலா ரோமானிய அதிகாரியாகத் திரும்பி வருகிறான். "உங்க ஜனங்கள்ல ரோமுக்கு எதிரானவங்க யார் யாருன்னு சொல்லு" என்கிறான். யூதா மறுக்கிறான். அந்தச் சமயம் பார்த்து யூதா வீட்டு மாடியிலிருந்து ஓடு ஒன்று சரிந்து கவர்னர் ஊர்வலத்தில் விழுகிறது. தற்செயல் என்று தெரிந்தும் மெஸ்ஸாலா சிநேகிதனைத் துடுப்பு வலிக்கிற அடிமையாகக் கப்பலுக்கும், அவன் அம்மாவையும் தங்கையையும் சிறைக்கும் அனுப்புகிறான். யூதா தப்பித்து வந்து, ரதப் பந்தயத்தில் பழி தீர்க்கிறான். இந்தக் கதைக்கு ஓரமாக இன்னொரு கதை நடந்துகொண்டே இருக்கிறது. அது இயேசுவின் கதை.

முதலில் பந்தயத்துக்கு வருவோம். அதைச் சொல்லாவிட்டால் அடிக்க வருவீர்கள்.

1959 பந்தயம் சுமார் 9 நிமிஷம். ரோம் நகரத்துச் சினிசிட்டா ஸ்டூடியோவில் 18 ஏக்கரில் மைதானம் போட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட குதிரைகள். பந்தயம் ஓடும்போது பின்னணி இசையே கிடையாது. குளம்புச் சத்தம், சாட்டைச் சத்தம், ஜனங்களின் கூச்சல், அவ்வளவுதான். ஒரு சண்டை நடிகர் செத்துப்போனார், ஓரமாகச் சிவப்பு கார் ஒன்று தெரியும் என்றெல்லாம் கதை சொல்வார்கள். இரண்டும் புருடா. நிஜமான விபத்தில் தூக்கி எறியப்பட்டவர் ஹெஸ்டனுக்கு டூப் போட்ட ஜோ கனுட். பிழைத்துக்கொண்டார். அந்த ஷாட்டைப் படத்திலேயே வைத்துவிட்டார்கள்.

2016 பந்தயமும் சோடை இல்லை. டைரக்டர் திமூர் பெக்மம்பெதோவ் கையடக்கக் கேமராக்களைத் தரையோடு தரையாக வைத்துப் படம் பிடித்திருக்கிறார். மண் நம் மூக்கில் ஏறுகிறது. கப்பல் சண்டையோ பழசைவிட ஒரு படி மேல். வெளியே என்ன நடக்கிறது என்று காட்டவே இல்லை. துடுப்பு வலிக்கிற அடிமையின் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்கும். பழைய படத்தில் தொட்டித் தண்ணீரில் பொம்மைக் கப்பல்கள் மிதப்பது இன்றைய கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எங்கே கோட்டை விட்டார்கள் என்றால், ஒரு குவளைத் தண்ணீரில்.

பழைய படத்தில் கைதிகளைச் சங்கிலி போட்டு இழுத்துப் போகிறார்கள். நாசரேத் ஊர் (நம்ம தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் இல்லை, ஒரிஜினல்). எல்லோருக்கும் தண்ணீர் உண்டு, யூதாவுக்கு மட்டும் கிடையாது என்கிறான் அதிகாரி. யூதா மண்ணில் விழுகிறான். ஒரு தச்சர் வந்து அவன் தலையை நிமிர்த்தித் தண்ணீர் கொடுக்கிறார். அதிகாரி சாட்டையோடு கத்திக்கொண்டு வருகிறான். தச்சர் எழுந்து நிற்கிறார். அவ்வளவுதான். அதிகாரியின் முகம் மாறுகிறது, தடுமாறுகிறான், திரும்பிப் போகிறான். இயேசுவின் முகத்தை நமக்குக் காட்டவே இல்லை. பார்த்தவன் முகத்தைத்தான் காட்டுகிறார்கள். இயேசுவாக வந்த கிளாட் ஹீட்டர் ஓர் ஓபரா பாடகர். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, டைட்டிலில் பெயரும் இல்லை. அந்தக் காலத்து மேடை நாடகத்திலும் இயேசு வேஷத்துக்கு நடிகர் கிடையாது. ஒரு ஒளிக்கற்றை மட்டும்தான்.

புதுசில் ரோட்ரிகோ சான்டோரோ இயேசுவாக வருகிறார். நல்ல நடிகர், சாந்தமான முகம். முகமும் தெரிகிறது, பகைவனை நேசிக்கச் சொல்லிக் கடைவீதியில் யூதாவிடம் பேச்சும் கொடுக்கிறார். தண்ணீர்க் காட்சியும் இருக்கிறது. ஆனால் விஷயத்தை முன்னாடியே வாயால் சொல்லியாகிவிட்டதே! தண்ணீருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இதை வேளாங்கண்ணியில் உட்கார்ந்து பார்க்கும்போது இன்னும் சுருக்கென்று தைத்தது. இந்த ஊர்க் கதையே ஒரு வாய் பாலில் ஆரம்பிக்கிறது. எஜமானுக்குப் பால் கொண்டுபோன பையனிடம் கைக்குழந்தையோடு வந்த தாய் கொஞ்சம் பால் கேட்டாள், அவன் கொடுத்தான், போய்ப் பார்த்தால் பாத்திரம் நிறைந்திருந்தது என்பது ஐதீகம். அடுத்தது நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையன். அவனிடம் கேட்டது மோர். இந்த ஐதீகத்தின் மேல்தான் 1962-ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்ற கோயில் நிற்கிறது. காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்கு வழியெல்லாம் ஊர்க்காரர்கள் தண்ணீரும் நீர்மோரும் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிக்கிறவன் யார், எந்த மதம் என்று கேட்பதில்லை. எத்தனை லட்சம் பேர் வந்தாலும் விஷயம் அந்த ஒரு டம்ளரில்தான் இருக்கிறது.

அப்போ தீர்ப்பு பழசுக்கே என்று எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி மாமா கெடுத்தார்.

பழைய படத்தில் பந்தயத்தில் நசுங்கிய மெஸ்ஸாலா செத்துப்போகிறான். சாகும்போதும் விஷம் கக்கிவிட்டுத்தான் சாகிறான். கடைசியில் சிலுவை சுமந்து போகிறவரை யூதா அடையாளம் கண்டு, அன்றைக்கு வாங்கின தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறான். அவன் மனசிலிருந்த பகை கரைகிறது. புதுப் படத்தில் இவன் அவன் வீட்டிலேயே வளர்ந்த வளர்ப்புச் சகோதரன். பந்தயத்தில் கால் போகிறது, உயிர் போகவில்லை. யூதா தேடிப் போகிறான். மெஸ்ஸாலா கத்தியும் கையுமாகச் சீறுகிறான். அப்புறம் அழுகை, கட்டிப்பிடித்தல், இரண்டு பேரும் குடும்பத்தோடு கிளம்பிப் போகிறார்கள். சுபம். பின்னாலேயே ஒரு பாட்டு.

நான் சிரித்துவிட்டேன். "அஞ்சு நிமிஷத்துல ராசியாயிட்டாங்களே மாமா! வாராக்கடனை எழுதித் தள்றதுக்குக்கூட எங்க ஆபீஸ்ல மூணு கையெழுத்து வேணும்."

மாமா சிரிக்கவில்லை.

"அவசரம்தான். ஆனா புதுப் படக்காரன் கேட்ட கேள்விதான் சரி மாப்ளே. செத்தவனை மன்னிக்கறது சுலபம். உயிரோட, எதிர்த்த வீட்டுல இருக்கறவனை மன்னிக்கணும்னாத்தான் தெரியும்."

விஷயம் எனக்குத் தெரியும். 2012-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்காமல் செப்டம்பரில்தான் திறந்தது. வந்ததே சொட்டுத் தண்ணீர். முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். மாமாவின் முறை வந்த ராத்திரி, அவருடைய சொந்தத் தம்பி மேல்மடையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். மாமாவின் சம்பா கருகியது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நல்லது கெட்டதில் ஒருவர் வந்தால் மற்றவர் போய்விடுவார். அங்கேயும் பிரச்னை தண்ணீர்தான்.

"அவன் செத்தா நான்தான் முதல் ஆளாப் போய் அழுவேன்" என்றார் மாமா. "அது பெரிய விஷயமா? இப்பப் போய் அவன் வாசல்ல நிக்கறதுதான் மாப்ளே கஷ்டம்."

இதற்கு மேல் விமரிசனம் எழுத எனக்கு என்ன இருக்கிறது? நாவலிலும் மெஸ்ஸாலா பந்தயத்தில் சாகமாட்டான். முடமாகி, பந்தயம் கட்டிய பணத்தையும் இழந்து, பகையோடு கிடப்பான். சமாதானம் 2016-காரர்கள் சேர்த்தது. பழைய படம் கஷ்டமான கேள்வியைப் பந்தய மைதானத்திலேயே புதைத்துவிட்டது. புதுப் படம் அதைத் தோண்டி எடுத்தது, ஆனால் பதில் சொல்லப் பொறுமை இல்லை. முதல் படத்தின் நிதானமும் இரண்டாவது படத்தின் கேள்வியும் ஒரே படத்தில் சேர்ந்திருந்தால், அதுதான் பென்ஹர். அதை இனிமேல் யாராவது எடுக்க வேண்டும். அதுவரை இரண்டையும் பாருங்கள். பழசை முதலில், லீவு நாளில்.

திரும்பி வரும் வழியில் நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் மாமா என்னிடம் தம்பியின் செல் நம்பரைக் கேட்டு வாங்கித் தன் போனில் பதிந்துகொண்டார். பெயர் போடவில்லை, நம்பர் மட்டும். "அடிச்சீங்களா மாமா?" என்று நானும் வாரா வாரம் கேட்கிறேன். "அடிக்கறேன், அடிக்கறேன்" என்கிறார்.

212 நிமிஷப் படம் சார். இப்போது இடைவேளை.