‘ஆழம் 10 கி.மீ.’: அந்த எண்ணை நம்பி யாரும் ஊரைக் காலி செய்ய வேண்டாம்

2021 நவம்பர் இறுதியில், பெருமழைக்குப் பிறகு, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் ராமகுப்பம் மண்டலத்துக் கிராமங்களில் பூமிக்கு அடியிலிருந்து வெடிச்சத்தம் கேட்டு மக்கள் வீட்டை விட்டு ஓடிவந்தார்கள். சுவர்களில் விரிசல் விழுந்தது. நவம்பர் 29 அதிகாலை, வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. தொலைவில் 3.6 அளவு நிலநடுக்கம். ஆழம் 25 கி.மீ. என்றது தேசிய நிலநடுக்கவியல் மையம். 2022 ஏப்ரல் 3 அதிகாலை, திருப்பதிக்கு வடகிழக்கே 85 கி.மீ.யில் மறுபடியும் 3.6.

இந்த அறிவிப்புகளில் உள்ள ஆழங்களை வரிசையாக எழுதிப் பார்ப்பவர்கள் பலர். 5, 10, 25 என்று முழு எண்களாகவே வருகின்றன. அதிலும் 10 திரும்பத் திரும்ப வருகிறது. 2021 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் உணரப்பட்ட வங்கக்கடல் நடுக்கத்துக்கும் 10தான். உடனே ‘ரகசியச் சோதனை’, ‘பெரிய நடுக்கத்துக்கு முன்னோட்டம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கிறது. 2025 மே மாதம் பாகிஸ்தானில் ஏற்பட்ட நடுக்கங்களையும் அணுகுண்டுச் சோதனை என்று இப்படித்தான் பரப்பினார்கள்.

ஆழங்களை எழுதிப் பார்த்தவர்கள் கண்ட ஒழுங்கு உண்மையானது. அதன் காரணம் மண்ணுக்குள் இல்லை, கணக்கில் இருக்கிறது. நடுக்கத்தின் மையத்திலிருந்து 100 கி.மீ. தள்ளித்தான் மிக அருகிலுள்ள கருவி இருக்கிறது என்று வையுங்கள். ஆழம் 10 என்றால் அலை வரும் தூரம் சுமார் 100.5 கி.மீ.; 20 என்றால் 102 கி.மீ. வினாடிக்கு 6 கி.மீ. ஓடும் அலைக்கு அது கால் வினாடி வித்தியாசம். சிறிய நடுக்கத்தில், இரைச்சலுக்கு நடுவே, அதைப் பிரித்தறிவது கடினம். ஆழத்தைக் கண்டுபிடிக்க முடியாதபோது ஒரு வழக்கமான எண்ணை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையும் இதையே செய்கிறது. அங்கேயும் அந்த எண் பெரும்பாலும் 10.

ஆகவே 10 என்பதைக் கொண்டு வெடி என்றும் சொல்ல முடியாது, வெடி இல்லை என்றும் சொல்ல முடியாது. உண்மையிலேயே 10 கி.மீ. ஆழத்தில் வெடி வைப்பது நடைமுறையில் இயலாது: மனிதர் துளைத்த ஆக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12.26 கி.மீ.; அகலம் ஒரு சாண். அதை எட்டவே சுமார் இருபது ஆண்டுகள் ஆயின. வெடியா நடுக்கமா என்பதை அலையின் வடிவம்தான் காட்டும்: வெடியில் முதல் அலை ஓங்கியும் இரண்டாவது அலை நலிந்தும் இருக்கும்.

வெடியா நடுக்கமா என்பது வீட்டுக்காரரின் பணத்தைத் தொடும் விஷயம். ராமகுப்பம் அடங்கிய குப்பம் பகுதி கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போனது. விரிசலுக்குக் காரணம் குவாரி வெடி என்றால், புகார் போக வேண்டியது கனிமவளத் துறைக்கும் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகத்துக்கும். நிலநடுக்கம் என்றால் பேரிடர் நிவாரண நிதி. 2022–26 காலத்துக்கான மத்திய அரசு நெறிமுறைப்படி, முற்றாகச் சேதமான வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் பழுதான பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய். தொகை சிறிதுதான். அதற்கும் ஆதாரம் வேண்டும். விரிசலைத் தேதியோடு படமெடுத்து, கிராம வருவாய் அலுவலரிடமும் (வி.ஆர்.ஓ.) தாசில்தாரிடமும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். ‘பாரத் கிருக ரக்ஷா’ காப்பீடு நிலநடுக்கச் சேதத்தையும் ஏற்கிறது.

சந்தேகம் உள்ளவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி தேசிய நிலநடுக்கவியல் மையத்தைக் கேட்கலாம்: எத்தனை கருவிகள் பதிவு செய்தன, மிக அருகிலுள்ளது எவ்வளவு தூரம், ஆழம் கணக்கிடப்பட்டதா அல்லது நிலையாக வைக்கப்பட்டதா? 30 நாளில் பதில் தர வேண்டும். சத்தம் தொடரும் ஊர்களில் தற்காலிகக் கருவிகள் வைக்கும்படி ஆட்சியர் வழியாக ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைக் கோரலாம். 2018இல் நடுக்கங்கள் தொடங்கிய மகாராஷ்டிரத்தின் பால்கரில் அப்படி வைத்தார்கள்.

நடுக்கத்தின் நாளையும் அளவையும் முன்கூட்டிச் சொல்ல உலகில் எவராலும் முடியாது. சொல்லிப் பரப்பிப் பீதி கிளப்பினால், 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறை தரலாம். அதே சமயம், சத்தம் கேட்டது என்று சொல்லும் கிராமத்தாரை வதந்திக்காரர் என்று அதிகாரிகள் ஒதுக்குவதும் தவறு. 1993இல் நிலநடுக்கம் சுமார் பத்தாயிரம் பேரைப் பலிகொண்ட மகாராஷ்டிரத்தின் கில்லாரி, அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள பகுதியாகவே இருந்தது. நிலம் அதிர்ந்தால் 112 அல்லது மாவட்டப் பேரிடர் எண் 1077ஐ அழையுங்கள்.